நோய் யாருக்குச் சொந்தம்? அறபு நோயாளரும் தாதியரின் கலாசார அறிவும்

ரியாதிலோ டுபாயிலோ லண்டனிலோ, அறபு நோயாளர்களைப் பராமரிக்கும் வைத்தியசாலைகளில் தாதியர் அடிக்கடி முகங்கொடுக்கும் ஒரு நிலைமை உண்டு. வயது முதிர்ந்த ஒரு தாய். வயிற்றில் புற்றுநோய். பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மூத்த மகன் தாதியை வழியில் மறித்து, மிகுந்த மரியாதையோடும் சற்றே அதட்டலோடும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறான்: உம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம், எதுவாயினும் என்னிடம் பேசுங்கள். நோயின் பெயரை அவனும் வாயால் உச்சரிப்பதில்லை. அறபு மொழியில் புற்றுநோய்க்கு ‘ஸரதான்’ என்ற சொல் இருந்தும், பேச்சு வழக்கில் பலர் ‘ஹாதாக் அல்மரழ்’, அதாவது ‘அந்த நோய்’ என்றே சொல்லி ஒதுங்கிக்கொள்வர்.

தாதியின் பயிற்சிக் கைநூல் இதற்கு ஆயத்தமான விடையொன்றை வைத்திருக்கிறது. அறபுச் சமூகத்தில் தீர்மானங்களை எடுப்பது குடும்பம். கெட்ட செய்தி நோயாளியிடம் நேரடியாகச் சொல்லப்படுவதில்லை. மூத்த ஆண் உறவினரே குடும்பத்தின் சார்பில் பேசுவார். தாதி இதனை மதித்து நடத்தல் வேண்டும். அவளும் மதித்து நடக்கிறாள். கலாசார உணர்வுள்ள பராமரிப்பு என்ற பரீட்சையில் அவளுக்குச் சித்தி கிடைத்துவிடும். ஆனால் உள்ளே கட்டிலில் படுத்திருக்கும் பெண் புத்தி சுவாதீனம் உள்ளவர். ஏழு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். கணவர் மௌத்தான பின் சொத்துப் பங்கீட்டைத் தானே முன்னின்று முடித்தவர் என்றும் வைத்துக்கொள்வோம். அவரிடம் ஒருவரும் எதையும் கேட்கவில்லை. இங்கு மதிக்கப்பட்டது யார்? அவரா, அவரது கலாசாரமா, அல்லது கலாசாரத்தின் பெயரால் பேசிய மகனா?

கலாசாரம், அடையாளம், மற்றமை என்றெல்லாம் நமது இலக்கிய வட்டங்களில் நிறையவே பேசியிருக்கிறோம். அந்தச் சொற்கள் ஒரு நோயாளியின் கட்டிலருகில் வந்து நிற்கும்போது என்னவாகின்றன என்று பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்பது எனது அபிப்பிராயம்.

கைநூல்களை எள்ளி நகையாடுவது எளிது. ஆயினும் அவை ஒரு தேவையிலிருந்தே பிறந்தன. தாதியியலையும் மானிடவியலையும் ஒருசேரப் பயின்ற அமெரிக்கரான மெடலின் லைனிங்கர் (1925 - 2012), 1950களில் உளநலப் பராமரிப்பிலிருந்த சிறுவர்களோடு பணியாற்றியபோது, வெவ்வேறு பின்னணிகளிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரேவிதமான பராமரிப்புக்கு வெவ்வேறாக எதிர்வினை காட்டுவதைக் கண்டார். பின்னர் நியூகினியில் களஆய்வு செய்தார். கலாசாரங்களுக்கு இடையிலான தாதியியல் என்ற துறைக்கு அவரே அடித்தளமிட்டவர். நோயாளியின் வழக்கங்களில் சிலவற்றைப் பேண வேண்டும், சிலவற்றோடு பேசி இணக்கம் காண வேண்டும், தீங்கு தருபவற்றை நோயாளியோடு சேர்ந்தே மாற்றியமைக்க வேண்டும் என்பது அவரது நிலைப்பாட்டின் சாரம். கைநூல்கள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிட்டன.

அறபு நோயாளர்களைப் பற்றி இத்துறையில் எழுதியவர்களுள் முக்கியமானவர் அபாப் மெலீஸ். எகிப்தில் பிறந்து அமெரிக்காவில் தாதியியல் பேராசிரியராக விளங்கிய அவர், 1981இல் அமெரிக்க அறபியரும் சுகாதார சேவையும் பற்றித் தாதியருக்கான ஒரு சஞ்சிகையில் எழுதினார். 1983இல் ஜூலீன் லிப்சனுடன் சேர்ந்து மத்திய கிழக்கு நோயாளர்களின் பிரச்சினைகளை விரிவாக ஆராய்ந்தார். லைனிங்கரின் வழிவந்த லின்டா லூனா 1989இல் அறபு முஸ்லிம்களின் பராமரிப்புப் பற்றி எழுதினார். இவர்களுக்கு முன்னர் மேலைத்தேய வைத்தியசாலைகளில் அறபு நோயாளி என்றால் பெரும்பாலும் சத்தம் போடுபவர், ஒத்துழைக்காதவர், கூட்டத்தோடு வருபவர், அவ்வளவுதான்.

நோவை எடுத்துக்கொள்வோம். பிரசவ அறையில் உரத்துக் கதறும் ஒரு பெண்ணைப் பார்த்து, வாய்மூடிப் பொறுப்பதே தைரியம் என்று கற்று வளர்ந்த தாதி முகம் சுளிக்கிறாள். இன்னொரு நோயாளியோ வைத்தியர் வரும்போது அடக்கமாக இருந்துவிட்டு, மகள் உள்ளே வந்ததும் முனகத் தொடங்குகிறார். இது நடிப்பென்று தாதி முடிவுகட்டி, நோவுக்கான மருந்தைப் பின்போடுகிறாள். அந்நியர் முன் தன்னைக் காத்துக்கொள்வதும், உறவினர் முன் அவிழ்த்துவிடுவதும் ஒரு ஒழுங்கு என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருந்தால், அந்த மருந்து நேரத்தோடு கிடைத்திருக்கும். ‘கல்பீ’ என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லும் பெண்ணுக்கு இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் பரிசோதனையை மீண்டும் மீண்டும் செய்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். அவர் சொன்னது துக்கத்தை. அறபியில் துக்கம் பெரும்பாலும் நெஞ்சின் மொழியிலேயே பேசும். நம்மவர் ‘நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது’ என்பதுபோல.

நோயாளரைப் பார்வையிட வருவோர் விடயமும் இவ்வாறே. இருவருக்கு மேல் உள்ளே வரக்கூடாது, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற அறிவித்தல் பலகையின் கீழ் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். அவர்களுக்கு இது வெறும் சமூகப் பழக்கமன்று. நோய் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்யவேண்டிய கடமைகளுள் ஒன்று. நான் நோயுற்றிருந்தபோது நீ என்னைப் பார்க்க வரவில்லையே என்று மறுமையில் இறைவனே அடியானிடம் கேட்பதாக ஒரு ஹதீஸ் குத்ஸி உண்டு. அதனைச் செவியேற்று வளர்ந்தவரிடம் பலகையைக் காட்டிப் பயனில்லை. அதேவேளை, அடுத்த கட்டிலில் உறங்க முடியாமல் புரளும் நோயாளிக்கும் உரிமையுண்டு. நோய் விசாரிக்கச் செல்பவர் நெடுநேரம் தங்கி நோயாளியைச் சிரமப்படுத்தலாகாது என்பதும் நமது மார்க்க ஒழுக்கங்களில் ஒன்றே. அதை அந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஞாபகமூட்டக்கூடிய ஒருவர் அக்குடும்பத்திலேயே இருப்பார். விவரமறிந்த தாதி அவரைத் தேடிப்பிடிப்பாள்.

சிறிய விடயங்களும் உண்டு. குழந்தையைப் புகழும்போது ‘மாஷா அல்லாஹ்’ என்று சேர்த்துச் சொன்னால் தாயின் முகத்தில் கலவரம் தோன்றாது. நாளைய சத்திரசிகிச்சைக்குச் சம்மதமா என்ற கேள்விக்கு ‘இன்ஷா அல்லாஹ்’ என்ற பதில் வந்தால் அது மழுப்பல் என்று கொள்ள வேண்டியதில்லை. சிலவேளை மழுப்பலாகவும் இருக்கலாம், குரலைக் கேட்டுத்தான் அறியவேண்டும். இவற்றையெல்லாம் ஒரு தாதி அறிந்து வைத்திருப்பதில் நன்மையே உண்டு.

சிக்கல் தொடங்குவது, இந்த அறிவு நோயாளிக்கு முன்னதாகவே அறைக்குள் நுழைந்துவிடும்போதுதான்.

அறபு நோயாளி என்று கைநூல் குறிப்பிடுபவர் யார்? அறபு லீக்கில் 22 நாடுகள். மொரித்தானியாவின் பாலைவன மனிதரும், பெய்ரூத்தின் மருந்தகக்காரரும், சூடானின் விவசாயியும், தொழில் தேடி அமெரிக்காவின் டியர்போர்ன் நகரில் மோட்டார் வாகனத் தொழிற்சாலைக்கு வந்த யெமன்காரரும் ஒரே பெயருக்குள் அடக்கப்படுகிறார்கள். எகிப்தின் கொப்டிக் கிறிஸ்தவர்களும் லெபனானின் மரோனைட்டுகளும் அறபு பேசுபவர்களே. கைநூலின் அறபியோ பெரும்பாலும் வளைகுடா நாடொன்றின் வசதிபடைத்த, மார்க்கப் பேணுதலுள்ள முஸ்லிமாகவே இருக்கிறார். கீழைத்தேயவாதம் பற்றி 1978இல் எழுதி நம்மவர்களிடையேயும் பெரும் விவாதங்களைக் கிளப்பிய எட்வர்ட் சயீத், 1991இல் தனக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பதை அறிந்தார். அதன்பின் தன் இளமை நினைவுகளை நூலாக எழுதினார். 2003இல் நியூயோர்க்கில் காலமானார். ஜெருசலத்தில் பிறந்த பலஸ்தீனக் கிறிஸ்தவர் அவர். அறபியருக்கு நோயின் பெயரைச் சொல்லலாகாது என்ற விதியோடு ஒரு தாதி அவரது கட்டிலுக்கு அருகே சென்றிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விடுகிறேன்.

இவ்விடத்தில் நம்மையும் சற்று நோக்க வேண்டியுள்ளது. அறபியரையும் இஸ்லாத்தையும் ஒன்றாகவே காணும் பழக்கம் இலங்கை முஸ்லிம்களாகிய நம்மிடமும் ஆழமாக உண்டு. அறபியர் செய்வதெல்லாம் மார்க்கம் என்று நாமும், முஸ்லிம்கள் செய்வதெல்லாம் அறபு வழக்கம் என்று மேலைத்தேயக் கைநூலும் கருதுவது ஒரே தவறின் இரு முகங்கள். மனைவியின் சத்திரசிகிச்சைக்குக் கணவனின் கையொப்பம் கேட்பதை எடுத்துக்கொள்வோம். இது சவூதி வைத்தியசாலைகளில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்துவந்தது. ஆனால் சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 1984இலேயே, வயதுவந்த, புத்தி சுவாதீனமுள்ள நோயாளியின் அனுமதி - ஆணாயினும் பெண்ணாயினும் - அவரிடமிருந்தே பெறப்பட வேண்டும் என்று தீர்மானித்திருந்தது. தீர்மானம் ஒருபுறமிருக்க, கையொப்பம் தொடர்ந்தது. கைநூல் பதிவு செய்ததோ கையொப்பத்தைத்தான். அந்த நாட்டின் உலமாக்களே ஏற்காத ஒரு வழக்கத்தை, அந்த மக்களின் புனிதமான கலாசாரம் என்று அமெரிக்கத் தாதிக்குக் கற்பித்தால் அதன் இழப்பு யாருக்கு?

மகன் கேட்டுக்கொண்ட விடயத்துக்கு மீண்டும் வருவோம். நோயை நோயாளியிடமிருந்து மறைப்பது அறபியரின் தனிப்பண்பு என்ற எண்ணத்தை உடைக்கும் தகவலொன்று அமெரிக்க மருத்துவ வரலாற்றிலேயே இருக்கிறது. 1961இல் டொனால்ட் ஓக்கன் என்ற வைத்தியர் சிகாகோவில் தன் சக வைத்தியர்களிடம் நடத்திய கருத்தாய்வில், ஏறத்தாழ 90 சதவீதமானோர் புற்றுநோய் என்ற முடிவை நோயாளிக்குச் சொல்லாமலிருப்பதையே விரும்பினர். குடும்பத்தினரிடம் சொல்வார்கள், நோயாளியிடம் ‘கட்டி’, ‘புண்’ என்று சமாளிப்பார்கள். 1979இல் அதே கேள்விகள் மீண்டும் கேட்கப்பட்டபோது 97 சதவீதமானோர் சொல்வதையே விரும்பினர். பதினெட்டு ஆண்டுகள்! இடையில் சிகிச்சை முறைகள் வளர்ந்தன. நோயாளியின் உரிமை பற்றிய வழக்குகளும் சட்டங்களும் வந்தன. அந்த மகன் சிகாகோவுக்கு 1961இல் வந்திருந்தால், வைத்தியர்களிடையே தனித்து நின்றிருக்க மாட்டான். அமெரிக்கர் மாறியபோது அதற்கு வரலாறு என்று பெயர். அறபியர் மாறாதிருப்பதாக எண்ணும்போது அதற்குக் கலாசாரம் என்று பெயர்.

மகனின் பக்கம் நியாயமே இல்லையென்று இதற்குப் பொருளல்ல. நோயின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் உம்மா மனம் உடைந்து, உண்ணாமல் உறங்காமல் நோய்க்கு முன்னரே துவண்டுபோவார் என்று அவன் உண்மையாகவே அஞ்சுகிறான். அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழப்பது பாவம் என்று கற்றவன், அந்த நம்பிக்கை இழப்புக்குத் தானே காரணமாகிவிடக்கூடாது என்று நினைக்கிறான். இன்னொன்றும் உண்டு. மேலைத்தேய வைத்தியர்கள் சிலர் ‘ஆறு மாதம்’ என்று கணக்குச் சொல்லிவிடுகிறார்கள். அஜல் அல்லாஹ்வின் கையில் இருக்க, மனிதன் நாள் குறிப்பது அத்துமீறலாகவே அக்குடும்பத்துக்குப் படுகிறது. இந்தக் கோபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். மருத்துவ ரீதியாகவும் அந்த ஆறு மாதம் ஒரு சராசரிதானே தவிர, இந்தப் பெண்ணின் ஆயுள் அல்ல. ஆனால் என்ன நோய் என்பதைச் சொல்வதும், எப்போது மரணம் என்று நாள் குறிப்பதும் இரு வேறு செயல்கள். இரண்டாவதை மறுக்கும் குடும்பம் முதலாவதையும் சேர்த்து மறுத்துவிடுகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கு வைத்தியரும் முனைவதில்லை. தாதி அதனைச் செய்தாலே பாதிப் பிணக்கு தீர்ந்துவிடும்.

மறுபுறம், மறைப்பதால் அந்தத் தாய் இழப்பது என்ன? உரிமை என்ற சொல்லை மேலைத்தேயத்தவர் கொண்டுவந்தது என்று ஒதுக்கிவிட்டு, நமது மார்க்கச் சொற்களிலேயே கேட்டுப் பார்ப்போம். மரணத்தை எதிர்நோக்கும் ஒரு முஸ்லிமுக்குச் சில வேலைகள் இருக்கின்றன. வஸிய்யத் எழுதவேண்டும். கடனும் அமானிதமும் ஒப்படைக்கப்பட வேண்டும். முகம் திருப்பிக்கொண்ட சகோதரியிடம் ஹக்கைத் தீர்த்து மன்னிப்புக் கேட்கவேண்டும். தவ்பா இருக்கிறது. வாரம் இரண்டில் வீடு திரும்பிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் சிரித்த முகத்தோடு சொல்லப்படும் ஒருவர் இவற்றுள் எதைத் தொடங்குவார்? மகன் தன் அன்பினால் உம்மாவின் நிம்மதியைக் காக்கிறான். உம்மாவின் மறுமைக்கான ஏற்பாடுகளோ கைநழுவிப் போகின்றன. தீன்தாரியான மகன் இதை எண்ணிப் பார்ப்பதில்லை என்பதுதான் வியப்பு.

நோயாளியின் ஆயுள் குறித்து நம்பிக்கை தரும் வார்த்தைகளைக் கூறும்படி பணிக்கும் ஒரு ஹதீஸை இவ்விடயத்தில் சிலர் எடுத்துக்காட்டுவர். அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்பது ஹதீஸ் துறையினர் அறிந்ததே. இதைவிட ஆழமான சம்பவமொன்று புகாரியில் பதிவாகியுள்ளது. நோயுற்றிருந்த ஒரு நாட்டுப்புற அறபியைப் பார்க்க நபி (ஸல்) அவர்கள் செல்கிறார்கள். நோயாளிகளிடம் வழமையாகச் சொல்லும் ஆறுதலை, இது பாவங்களைத் தூய்மையாக்கும், கவலைப்பட வேண்டாம் என்ற பொருளில் சொல்கிறார்கள். அந்த முதியவர் அதை ஏற்கவில்லை. இது கொதிக்கும் காய்ச்சல், வயோதிபன் ஒருவனைக் கப்றுக்கு அனுப்பப் போகிறது என்று மறுத்துப் பேசுகிறார். அப்படியாயின் அப்படியே ஆகட்டும் என்று நபியவர்கள் விடையளிக்கிறார்கள். விரிவுரையாளர்கள் இதில் அந்த மனிதரின் பொறுமையின்மையையும் அதன் விளைவையும் கண்டனர். அவர்களது விளக்கத்தை மறுப்பது எனது நோக்கமன்று. எனினும் வேறொன்றும் அங்கே இருக்கிறது. மிகச் சிறந்த ஆறுதல் மிகச் சிறந்த மனிதரிடமிருந்து வருகிறது. நோயாளி அதை ஏற்காமல் தன் நோய் பற்றித் தன் வாயால் பேசுகிறார். அவரது பேச்சு கேட்கப்படுகிறது, பதிலும் பெறுகிறது. அவரது மக்களிடம் பேசும்படி ஒருவரும் அவரை ஒதுக்கவில்லை. இவரும் ஒரு அறபு நோயாளிதான். எந்தக் கைநூலிலும் இடம்பெறாதவர்.

ஆகவே சொல்வதா மறைப்பதா என்ற கேள்வியே பிழையான இடத்தில் தொடங்குகிறது. எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள், யாரோடு பேச வேண்டும் என்று அந்தப் பெண்ணிடமே கேட்பதுதான் முதலாவது படி. இதனைப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்னரே கேட்கலாம், கேட்கவேண்டும். ‘எல்லாவற்றையும் என் மகனிடம் சொல்லுங்கள், எனக்கு ஒன்றும் வேண்டாம்’ என்று அவர் சொன்னால், அது அவரது தீர்மானம். தன் விடயத்தைப் பிறரிடம் பாரம் சாட்டுவதும் தன் விடயத்தில் எடுக்கும் முடிவே. நமது பிக்ஹில் இதற்கு ‘வகாலத்’ என்று பெயருண்டு. வகீலை நியமிப்பது உரியவரேயன்றி வகீல் அல்ல. தாய் ஒப்படைத்ததைப் பெற்றுக்கொண்ட மகனும், ஒப்படைக்காததைத் தானாகவே எடுத்துக்கொண்ட மகனும் வெளிப் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். வித்தியாசம் ஒரேயொரு கேள்வியில் இருக்கிறது.

கேட்பது எப்படி என்பதும் முக்கியம். மகனையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக் கேட்டால், கேள்வி ஒன்றாகப் போய்ப் பதில் வேறொன்றாக வரும். பேரப்பிள்ளையை வைத்துக் கேட்பது அதைவிட மோசம். பாட்டியின் கருப்பை பற்றிப் பத்து வயதுப் பையன் மொழிபெயர்க்க வேண்டியதாகிறது. பேச்சு வழக்குத் தெரிந்த, குடும்பத்துக்கு வெளியிலுள்ள ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் தேவை. மொரோக்கோவின் பேச்சுமொழி ஈராக்கியருக்கு விளங்குவது கடினம் என்பதை அறபு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உள்ளார் என்று திருப்திப்பட்டுக்கொள்ளும் நிர்வாகங்கள் எண்ணுவதில்லை. மொழிபெயர்ப்பாளருக்கும் வேலை நேரம் உண்டு. நோயாளியோ, தனக்கு அந்த நோய்தானா என்று இரவுப் பணியிலிருக்கும் தாதியிடம் கேட்கிறார், வீட்டார் எல்லாரும் போன பின்பு.

அந்த வேளையில் தாதி என்ன செய்யலாம்? நோயின் முடிவை அறிவிப்பது வைத்தியரின் பொறுப்பு. அவளாகச் சொல்லிவிட்டால் மகனின் நம்பிக்கையும் போகும், சிலவேளை அவளது வேலையும் போகும். பொய் சொன்னால் நாளைக்கு உண்மை தெரியும்போது அந்தப் பெண் நம்புவதற்கு வைத்தியசாலையில் ஒருவரும் இருக்கமாட்டார். தாதியின் முதற் பொறுப்பு பராமரிப்பை வேண்டி நிற்பவரிடமே என்று சர்வதேசத் தாதியர் பேரவையின் ஒழுக்கக் கோவை சொல்கிறது. அதன் முதல் வடிவம் 1953இல் ஏற்கப்பட்டது.  அனுபவமுள்ள தாதியர் செய்வது இது: கட்டிலருகே அமர்ந்து, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். பெரும்பாலும் நோயாளி முன்னரே அறிந்திருப்பார். உடம்பு மெலிவதும், மருமக்கள் திடீரென்று அன்பாக நடப்பதும், அறைக்குள் நுழையுமுன் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் அவருக்குத் தெரியாதா? அவர் கேட்டார் என்பதைப் பதிவேட்டில் எழுதி, காலையில் வைத்தியருக்கும், பின் மகனுக்கும் சொல்வது தாதியின் கடமை. உங்கள் உம்மா கேட்கிறார் என்ற ஒரு வசனம், மேலைத்தேய உரிமைப் பிரசங்கங்கள் அசைக்காத மகனையும் அசைக்கும்.

அறபுச் சமூகத்தில் எல்லாவற்றையும் குடும்பமே தீர்மானிக்கும் என்பதும் முழு உண்மையன்று. மீளமுடியாத நிலையிலுள்ள நோயாளிக்கு உயிர்மீட்புக் கருவிகளைப் பொருத்தாமல் விடுவது பற்றிச் சவூதியின் பத்வாக் குழு 1988இல் வழங்கிய தீர்ப்பு, நம்பிக்கைக்குரிய, துறைசார்ந்த மூன்று வைத்தியர்களிடம் அந்த முடிவை ஒப்படைத்தது. குடும்பத்தின் அபிப்பிராயத்தை அது கணக்கில் எடுக்கவில்லை. இது சரியா என்பது தனி விவாதம். கைநூல் வரைந்த எளிய படத்தில் இந்த பத்வாவுக்கு இடமில்லை என்பதே இங்கு நான் சொல்லவருவது.

நோன்பு விடயத்தில் கைநூலின் போதாமை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நோயாளிகளுக்கு நோன்பிலிருந்து விலக்குண்டு என்று அது தாதிக்குக் கற்பிக்கிறது. சட்டம் சரிதான். ஆனால் அறபு நாடுகள் பலவற்றையும் உள்ளடக்கிய 13 நாடுகளில், 12,000க்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வொன்று, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ 79 சதவீதமானோரும், இன்சுலினிலேயே தங்கியிருக்கும் முதலாம் வகையினரில் 43 சதவீதமானோரும் றமழானில் குறைந்தது 15 நாட்களாவது நோன்பு நோற்றதாகக் காட்டிற்று. விலக்குண்டு என்று தெரிந்தும் நோற்கிறார்கள். ‘உங்கள் மார்க்கம் உங்களை விட்டுவிட்டது’ என்று முஸ்லிமல்லாத தாதி ஒருத்தி முப்தியாகிப் பேசினால் நோயாளி தலையாட்டிவிட்டு ரகசியமாக நோன்பு நோற்பார். மாலையில் சீனி இறங்கி மயங்குவார். நோற்க எண்ணமா என்று முன்கூட்டியே கேட்டவள் மருந்தின் நேரத்தையும் அளவையும் வைத்தியரோடு பேசி மாற்றியிருப்பாள், அல்லது நோயாளி மதிக்கும் ஒரு ஆலிமை அழைத்துப் பேசவைத்திருப்பாள்.

பெண் நோயாளியின் அவ்ரத் குறித்துக் கைநூல்கள் போதியளவு எழுதிவிட்டன. அவை விட்டுவிட்ட ஒன்றை மட்டும் சொல்லலாம். 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி, பெண்ணுக்குச் சிகிச்சை செய்ய முஸ்லிம் பெண் வைத்தியர், அவரில்லையேல் முஸ்லிமல்லாத பெண், பின் முஸ்லிம் ஆண், பின் முஸ்லிமல்லாத ஆண் என்று ஒரு ஒழுங்கை வகுத்தது. கடைசிப் படிவரை கதவு திறந்தே இருக்கிறது. அந்தக் கதவை மூடுவது சிலவேளை கணவன். சிலவேளை, அறபுப் பெண் ஆண் வைத்தியரை ஏற்கமாட்டாள் என்று அவளைக் கேளாமலே எழுதிவைத்து, இரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது பெண் வைத்தியரைத் தேடி நேரத்தைக் கழிக்கும் மிகை உணர்வுள்ள வைத்தியசாலை.

அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்கள் ருபைதா (ரழி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டதை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். ஆயினும் அதே அறபு மண்ணில் தாதித் தொழில் பெண்பிள்ளைகளுக்கு உகந்ததல்ல என்ற எண்ணம் வேரூன்றியது. 1958இல் ரியாதில் முறையான பயிற்சி தொடங்கியபோது சேர்ந்தவர்கள் ஆண்களே. பின்வந்த தசாப்தங்களில் அறபு வளைகுடாவின் நோயாளர்களைக் கழுவித் துடைத்து மருந்தூட்டியவர்களில் பெரும்பாலானோர் பிலிப்பைன்ஸையும் கேரளத்தையும் சேர்ந்த பெண்கள். சவூதிப் பெண்கள் இன்று இத்துறைக்குள் கணிசமாக வருகிறார்கள் என்பது நல்ல மாற்றம். கலாசாரப் பயிற்சி எல்லாம் ஒருவழிப் பாதையாகவே இருப்பது பற்றி ஒருவரும் பேசுவதில்லை. கிறிஸ்தவ வீட்டிலிருந்து வந்த அந்த மலையாளத் தாதிக்குத் துக்கம் எப்படி இருக்கும், தான் பத்து மாதம் பராமரித்த முதியவர் இறந்த அன்றிரவு அவள் எங்கே போய் அழுவாள் என்பதற்குக் கைநூல் இல்லை. 1998இல் மெலனி டெர்வலன், ஜான் மரே கார்சியா என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள், கலாசாரத் தேர்ச்சி என்ற சொல்லுக்குப் பதிலாகக் கலாசாரப் பணிவு என்ற சொல்லை முன்வைத்தார்கள். தேர்ச்சி ஒருநாள் முடிந்துவிடும், பணிவு முடியாது என்பது அவர்கள் வாதம். நல்ல வாதமே. ஆனால் பணிவு ஏற்கனவே அளவுக்கு மீறிக் கோரப்படுபவர்களும் இந்த வைத்தியசாலைகளில் இருக்கிறார்கள்.

வைத்தியசாலைக்கு வெளியே இன்னொரு பராமரிப்பு நடக்கிறது. இங்குதான் நம் நாட்டின் பெண்கள் வருகிறார்கள். புற்றுநோயோடு வீடு திரும்பும் அறபுத் தாயைக் குளிப்பாட்டுவதும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவதும், வுழூச் செய்யத் தண்ணீர் ஊற்றுவதும், இரவு இரண்டு மணிக்கு மருந்து கொடுப்பதும் பல வீடுகளில் பணிப்பெண்ணின் வேலை. கிழக்கிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் குருநாகலிலிருந்தும் போனவர்கள் அவர்களுள் உண்டு. வீட்டுப் பணிக்கென்று ஒப்பந்தமாகிச் சென்றவள் தாதியாக்கப்படுகிறாள்; சம்பளம் பணிப்பெண்ணுக்கானதே. புறப்படுமுன் பெற்ற பயிற்சியில் மின்சாரச் சாதனங்களை இயக்கவும் கொஞ்சம் அறபு பேசவும் கற்றிருப்பாள். ‘வஜஃ’ என்றால் நோவு, ‘தஃபான்’ என்றால் களைப்பு அல்லது சுகயீனம் என்பதை அந்தக் கட்டிலருகில்தான் படிக்கிறாள். மாமா என்று அழைக்கப்படும் அந்த வீட்டு மூதாட்டியின் உடம்பை மகன்மாரைவிடவும் அவள் நன்கறிவாள்: எந்தப் பக்கம் படுத்தால் நோவு, எந்த நேரத்தில் பயம் வருகிறது, யார் வந்து போனால் உறக்கம் வராது.

உம்மாவுக்குச் சொல்லலாகாது என்ற கட்டளை அவளுக்கும் உண்டு. பெரும்பாலும் அவளுக்கே என்ன நோய் என்று சொல்லப்படுவதில்லை. மருந்துப் பெட்டியைக் காட்டி, இது காலை, இது இரவு என்பதோடு சரி. வைத்தியசாலையில் இரவுத் தாதியிடம் கேட்கப்பட்ட கேள்வி இங்கே அவளிடம்தான் கேட்கப்படுகிறது. பதிவேடு இல்லை, காலையில் வந்து கேட்கும் வைத்தியர் இல்லை. மூதாட்டியின் மகனிடம் போய் உங்கள் உம்மா கேட்கிறார் என்று சொல்லும் தைரியம் சிலருக்கு இருந்திருக்கும்; பலருக்கு இருந்திருக்காது. அவர்கள் ஊர் திரும்பியிருக்கிறார்கள். நமது கதைகளில் அவர்கள் சூடுபட்ட கையோடும், கிடைக்காத சம்பளத்தோடும், சிதைந்த குடும்பத்தோடும் வருகிறார்கள். அவை எழுதப்பட வேண்டியவையே. அந்த இரவுகளில் அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று நாம் இன்னும் அவர்களிடம் கேட்டுப் பார்க்கவில்லை.